கதவு வடக்கே, வெயிலும் வடக்கே: ராமநாதபுரக் கரையில் வானிலை படிப்பது

வானிலையியலின் முதல் வருடப் பாடத்தில் ஸ்டீவன்சன் பெட்டி கட்டாயம் வரும். வெள்ளைச் சாயம் அடித்த மரப்பெட்டி, காற்று புகுந்து போக நான்கு பக்கமும் சாய்வுச் சட்டங்கள், உள்ளே வெப்பமானிகள், தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரம். கதவு வடக்குப் பார்த்து இருக்க வேண்டும். ஏன் என்றால், பூமியின் வடபாதியில் சூரியன் தெற்கே நிற்கும், கதவைத் திறந்தாலும் வெயில் உள்ளே விழாது என்று பதில் வரும்.

லண்டனுக்கு இது சரி. பாம்பன் ஏறத்தாழ 9 டிகிரி 17 நிமிட வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 14 வாக்கில், அதாவது சித்திரை பிறக்கும் நாளையொட்டி, நண்பகல் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அன்றிலிருந்து ஆகஸ்ட் 29 வாக்கு வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும். ஜூன் 21 அன்று சூரியன் உச்சியிலிருந்து 14 டிகிரி வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த நான்கரை மாதமும் வடக்குக் கதவைத் திறந்தால் வெயில் நேரே வெப்பமானிக் குமிழ் மேல் விழ வாய்ப்பு உண்டு. அளவு எடுப்பவர் தன் உடம்பால் நிழல் கொடுத்து, மூச்சுக் காற்று படாமல் தள்ளி நின்று, சட்டென்று படித்துவிட்டுக் கதவை மூட வேண்டும். நம்பாதவர்கள் சித்திரை முதல் நாள் மணலில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பார்க்கலாம். கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, 12.13-க்கு. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. பாம்பன் அதற்கு 3 டிகிரிக்கு மேல் மேற்கே இருக்கிறது, டிகிரிக்கு 4 நிமிடம் தள்ளும்.

சின்ன விஷயம்தான். ஆனால் அறிமுகப் பாடநூல்களில் பெரும்பாலானவை நடு அட்சரேகை நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இயற்பியல் எங்கும் ஒன்றே. எந்த விசை பெரிது, எது சிறிது என்ற வரிசை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ராமநாதபுரக் கரையில் அந்த வரிசை நிறையவே மாறுகிறது. குளிர்க்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லைகளான குளிர்முகப்பு, வெப்பமுகப்பு என்று இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவருக்கு இங்கே அவை இரண்டுமே தென்படாது.

பத்து மணிக்கு ஏறும், நாலு மணிக்கு இறங்கும்

இப்போது பல கைபேசிகளில் காற்றழுத்தமானி இருக்கிறது. ஐப்பசியில் அதை எடுத்துப் பார்க்கத் தொடங்கும் மாணவர் முதல் நாளே பயந்துபோவார். காலை 10 மணிக்கு இருந்த அளவு மாலை 4 மணிக்குள் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்கியிருக்கும். புயல் வருகிறதா? இல்லை. வெப்பமண்டலத்தில் இது தினசரி நடப்பது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள ஓசோனும் கீழடுக்கின் நீராவியும் வெயிலை உறிஞ்சி விரிவதால், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை உயர்ந்து தாழும் ஓர் அலை பூமியைச் சுற்றி வருகிறது. காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம்; அதிகாலை 4, மாலை 4 வாக்கில் அடிமட்டம். கடலுக்கு ஓதம் போல, காற்றுக்கும் ஓர் ஓதம். நிலநடுக்கோட்டை ஒட்டி இது வலுவாகவும், துருவம் நோக்கிப் போகப்போக மங்கலாகவும் இருக்கும். அதனால்தான் ஐரோப்பியப் பாடநூல் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறது.

இதைத் தாண்டிப் பார்க்க ஒரு வழி உண்டு: இன்று மாலை 4 மணி அளவை நேற்று மாலை 4 மணி அளவோடு மட்டும் ஒப்பிட வேண்டும். ஒரே மணியில் எடுத்த அளவு 24 மணி நேரத்தில் 2, 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. இந்திய வானிலைத் துறையும் இந்த 24 மணி நேர மாற்றத்தைத் தனியாகக் கணக்கிடுகிறது. கைபேசியோடு மாடி ஏறிவிட்டு அளவு இறங்கிவிட்டதே என்று பதறவும் கூடாது. கடல்மட்டத்தை ஒட்டி ஒவ்வொரு 8 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறையும்.

2, 3 ஹெக்டோபாஸ்கலுக்கு இங்கே ஏன் இத்தனை மதிப்பு? பூமி சுழல்வதால் காற்றை வலப்பக்கம் திருப்பும் கொரியாலிஸ் விளைவு, அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்தது. 45 டிகிரியில் இருப்பதில் கால் பங்குக்கும் குறைவாகவே 9 டிகிரியில் இருக்கிறது. எதிர்த்து நிற்கும் விசை இவ்வளவு பலவீனமாக இருக்கும்போது, அழுத்தத்தில் சிறு வேறுபாடு வந்தாலும் காற்று அதை ஓடி நிரப்பிவிடும். எனவே பெரிய அழுத்த வேறுபாடு இங்கே நிலைத்து நிற்பதில்லை. புயல் வந்தால்தான் உண்டு. ஐரோப்பிய வரைபடத்தில் போல 4 ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு சமஅழுத்தக் கோடு வரைந்தால், பாக் நீரிணை, மன்னார் வளைகுடா இரண்டும் ஒரே கோட்டுக்குள் அடங்கிப்போகும். 2-க்கு ஒன்று வரைந்தால்தான் ஏதாவது தெரியும்.

இதே காரணத்தால், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடக்கைப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்ற பழைய விதியையும் இங்கே கொஞ்சம் திருத்திப் படிக்க வேண்டும்: இடப்பக்கம், சற்று முன்னால். கார்த்திகையில் வாடைக்கு, அதாவது வடகிழக்குக் காற்றுக்கு, முதுகு காட்டினால் முகம் தென்மேற்கு, இடக்கை தென்கிழக்கு. தாழ்வு இலங்கைக்குக் கீழே எங்கோ இருக்கிறது என்று பொருள். அது மேற்கே நகரும்போது வாடை மெல்ல மாறிக் கிழக்கிலிருந்து கொண்டலாக வீசினால், மையம் நமக்குத் தெற்கே கடக்கிறது. மழை இன்னும் மிச்சம் இருக்கிறது. வாடை மாறி மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் மையம் வடக்கே போய்விட்டது. நிலத்தின் மேல் வந்த உலர்ந்த காற்று, மழை பெரும்பாலும் ஓயும். திசை மாற்றத்தை மணிவாரியாகக் குறித்து வைத்தால், செயற்கைக்கோள் படம் இல்லாமலே இவ்வளவு சொல்லலாம்.

வடகடலும் தென்கடலும்

மண்டபம் ஊரில் நின்றால் சில நூறு மீட்டர் நடையில் இரண்டு கடலையும் பார்த்துவிடலாம். வடக்கே பாக் நீரிணைப் பகுதி, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் வடகடல், தென்கடல். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். கரையை விட்டுக் கடல் நோக்கி வீசும் காற்றுக்கு அலை எழுப்ப ஓட்டதூரம் கிடையாது. கடலிலிருந்து கரை நோக்கி வரும் காற்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிடைக்கிறது. அலையின் உயரத்தைத் தீர்மானிப்பவை காற்றின் வேகம், அது வீசும் நேரம், இந்த ஓட்டதூரம் என்ற மூன்றுதான். கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பரிசோதனைச் சாலை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது.

இரண்டு கடலுக்கும் ஆழத்தில் பெரிய வித்தியாசம். வடகடலில் பெரும்பகுதி பத்து மீட்டரைச் சுற்றியே ஆழம். தென்கடலோ தெற்கே போகப்போக நூற்றுக்கணக்கான மீட்டராக, பிறகு ஆயிரத்தையும் தாண்டி இறங்கிவிடுகிறது. அடிக்கடி செய்தியில் வரும் ஒரு விஷயத்துக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது: “ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது.” படகுகள் தரைதட்டி நிற்கும், பாறையும் பாசியும் வெளியே தெரியும், உடனே சுனாமி பயம் கிளம்பும். பெரும்பாலும் அது காற்றின் வேலை.

கணக்கு எளிது. காற்று நீர்ப்பரப்பை இழுக்கும் விசையை, நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, ஆழம் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் கடல்மட்டம் எவ்வளவு சாய்கிறது என்று கிடைக்கும். காற்று நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இழுவிசை சதுர மீட்டருக்கு சுமார் 0.4 நியூட்டன். ஆழம் 9 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 0.45 செ.மீ. சாய்வு, 50 கி.மீ. நீளத்துக்கு 22 செ.மீ. கச்சான் அடிக்கும்போது ராமேஸ்வரத்தின் வடகரையில் மட்டம் இவ்வளவு தாழலாம். 22 செ.மீ. ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் 500 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் மட்டுமே இறங்கும் தட்டையான கரையில் அது 110 மீட்டர் அகலத்துக்குத் தரையை வெளிக்காட்டிவிடும். இறங்கு ஓதமும் சேர்ந்துகொண்டால் இன்னும் கூடுதல். இதே காற்று 300 மீட்டர் ஆழத்தின் மேல் வீசினால் 50 கி.மீ.க்கு 1 செ.மீ.கூட மாறாது. வடகடல் நாலாபுறமும் மூடிய தொட்டி அல்ல, நீர் பக்கவாட்டில் ஓடிவிடும் என்பதால் உண்மையில் இறக்கம் இந்தக் கணக்கைவிடக் குறைவாக வரலாம்; வரிசை அளவு சரிதான். சுனாமியாக இருந்தால் நீர் நிமிடக்கணக்கில் வடிந்து நிமிடக்கணக்கில் திரும்பும். காற்றால் வடிந்தது மணிக்கணக்கில் அப்படியே நிற்கும், காற்று தணிந்தால் திரும்பும்.

இந்தக் கணக்கை எதிர்த்திசையில் போட்டால் 1964 தனுஷ்கோடிப் புயல் புரியும். இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. நொடிக்கு 15 மீட்டர் 50 மீட்டர் ஆனால் விசை 11 மடங்கு, 22 செ.மீ. இரண்டரை மீட்டராகிவிடும். மைய அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் ஏறத்தாழ 1 செ.மீ. தனியாக உயரும். அதன் மேல் அலைகள். அந்த ஆண்டு டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு, கொரியாலிஸ் மிகக் குறைவாக உள்ள 5 டிகிரி அட்சரேகையை ஒட்டியே வலுப்பெற்றது. பாடநூல் விதிப்படி அங்கே புயல் பிறப்பது அரிது. இலங்கையைக் கடந்து டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஒன்று அப்படியே அடித்துச் செல்லப்பட்டது. ஊர் திரும்பக் கட்டப்படவில்லை.

காற்றின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது எந்த வேகம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அறிக்கையில் “40 முதல் 50 கி.மீ., இடையிடையே 60 கி.மீ.” என்றால் முதலாவது 10 மீட்டர் உயரத்தில் சில நிமிடங்களுக்கான சராசரி, இரண்டாவது நொடிகளே நீடிக்கும் வீச்சு. இந்தியாவில் புயலின் வகை சராசரியை வைத்தே முடிவாகிறது: 31 முதல் 49 கி.மீ. வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-லிருந்து புயல். 2022 வரை ரயில் ஓடிய பாம்பன் பழைய பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை விட்டதில்லை. ரயிலுக்கு அந்தக் காற்றுக்கு ‘புயல்’ என்று பெயர் வைத்தார்களா என்பது முக்கியமில்லை.

பாம்பனில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளையும் பலர் வலுவின் அளவுகோலாகவே படிக்கிறார்கள். பாதிதான் சரி. 1, 2 எண்கள் தொலைவில் உள்ளதைக் குறிப்பவை. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை, வெளியே போகும் கப்பல் மாட்டிக்கொள்ளலாம் என்று பொருள். 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்தையே சொல்கின்றன, வேறுபடுவது பாதை. 5 என்றால் துறைமுகம் புயலின் இடப்பக்கம், 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் அதன் மேலேயே அல்லது அருகில். 8, 9, 10 அதே வரிசை, கடும் புயலுக்கு. 11 ஏறினால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

வரைபடத்தில் புயல் மையத்தைக் குறிக்கும் புள்ளியையே மழை என்று நினைப்பது இன்னொரு தவறு. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து வலுவிழந்தது. இழுத்துச் செல்லும் மேல்காற்று இல்லாமல் ராமநாதபுரக் கரையோரம் ஏறத்தாழ நின்றே போனது. அந்த நாட்களில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது கொள்ளிடம், சிதம்பரம் பக்கம். மையத்துக்கு வடக்கே, வங்கக்கடலிலிருந்து ஈரக்காற்று கரையில் வந்து குவிந்த இடம்.

எண்ணூறு மில்லிமீட்டர் என்ற பொய்

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 820 மி.மீ. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் கச்சான் காற்றைக் கொண்டுவரும், மழையைக் கொண்டுவராது. வடகிழக்குப் பருவத்திலும் நாகப்பட்டினத்துக்குக் கிடைப்பது கிடைப்பதில்லை. கோடியக்கரைக்குத் தெற்கே கரை மேற்கே வளைந்துவிடுகிறது. கிழக்குக் காற்றை இலங்கை தடுக்கிறது. ஈரம் சேர்க்கக் காற்றுக்கு மிஞ்சுவது குறுகிய வடகடல் மட்டும்.

இருந்தாலும் 820 மி.மீ. அவ்வளவு மோசமில்லையே? பயிருக்கும் கண்மாய்க்கும் சராசரி எதையும் சொல்வதில்லை என்பதுதான் பிரச்சினை. 2024 நவம்பர் 20 அன்று குமரிக்கடல் பக்கம் நிலவிய சுழற்சியால் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியில் பாதி. அதில் பெரும்பகுதி கடலுக்கே போனது, மேற்கே உள்ள ஊர்களில் அந்த அளவு பெய்யவும் இல்லை. ஆனால் அந்த எண் சராசரிக் கணக்கில் ஏறிவிடும். இந்திய வானிலைத் துறைக் கணக்கில் 20.45 செ.மீ. தாண்டினாலே ‘அதி கனமழை’.  அப்போது பெய்தது அதைப் போல இரண்டு மடங்கு.

மறுபக்கம், ஆவியாதல். தெளிந்த வெயில் நாளில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 22 மெகாஜூல் ஆற்றல் விழுகிறது. 1 மி.மீ. நீரை ஆவியாக்க 2.45 மெகாஜூல் போதும். நாளொன்றுக்கு 5, 6 மி.மீ. போனாலும் ஆண்டுக்கு 1,800 முதல் 2,200 மி.மீ. வரவைப் போல இரு மடங்குக்கு மேல் செலவு. வாலிநோக்கத்தில் உப்பு விளைவதும், கோடையில் ஊருணி தரைதட்டுவதும் இந்த ஒரே கணக்கால்தான். கடல்நீர் 3 டிகிரி போமேயில் (உப்புநீரின் அடர்த்தி அளவு) பாத்திக்குள் வருகிறது, 25 தொட்டால் உப்பு படியத் தொடங்கும். இடையில் ஒரு நல்ல மழை போதும், வாரக்கணக்கான வெயில் வீண்.

இந்த வரவு செலவை முன்னோர் சராசரியால் கையாளவில்லை. சில நாள் வெள்ளத்தைப் பிடித்துப் பல மாதம் வைத்திருக்கக் கண்மாய் வெட்டினார்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு “நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை” என்றே பெயர். புழுதி விதைப்பும் அதே அறிவுதான். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துக் காத்திருப்பது. இங்கே எது தவறும் என்றால், செப்டம்பர் கடைசியில் ஒரு 20 மி.மீ. மழை பெய்து முளை கிளம்பிவிடும். அடுத்த பதினைந்து நாள் வானம் பார்த்தபடியே போகும். முளை கருகும், மறுவிதைப்பு. பருவ மொத்தம் இயல்பு என்று அறிக்கை வரும், வயலில் இழப்பு இருக்கும்.

பசிபிக் கடல் நிலநடுக்கோட்டுப் பகுதியில் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடத்தில் வடகிழக்குப் பருவம் கூடும் என்ற விதியையும் இதே எச்சரிக்கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். 2015 அதற்கு ஒத்துவந்தது. அதற்கு நேர்மாறாக அந்தக் கடல் குளிரும் லா நினா சாயல் இருந்த 2016-ல் தமிழ்நாட்டுக்கு 62 சதவீதம் குறைவு, அதுவும் ஒத்துவந்தது. 2021 லா நினாவில் மழை இயல்பைத் தாண்டி ஐம்பது சதவீதத்துக்கு மேல் கொட்டியது. விதி சாய்வைச் சொல்கிறது, விளைவை அல்ல.

மழையை நீங்களே அளக்க 16 செ.மீ. விட்டமுள்ள புனல், ஒரு பாட்டில், மருந்துக்கடை அளவுக் குவளை போதும். அந்தப் புனலின் பரப்பு 201 சதுர செ.மீ.; 20 மில்லிலிட்டர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. புனல் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், அருகில் உள்ள சுவர் அல்லது தென்னையின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும். மொட்டைமாடியில் வைக்காதீர்கள், காற்று சுழன்று துளிகளைப் புனலுக்கு மேலேயே தள்ளிவிடும், அளவு குறையும். குமிழில் ஈரத்துணி சுற்றி ஈரப்பதம் அளக்கும் ஈரக்குமிழ் வெப்பமானியும் வைத்திருந்தால் அதன் துணியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கடல் தூவானத்தின் உப்பு துணியில் படிந்தால் ஆவியாதல் குறையும், குமிழ் போதுமான அளவு குளிராது, ஈரப்பதம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கரையோர அளவுகளில் யாரும் சந்தேகப்படாத பிழை இதுதான்.

ஒரு பருவம் முடிந்ததும் தினசரி அளவுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தத்தில் பாதி எத்தனை நாளில் வந்தது என்று எண்ணி, பக்கத்து ஊர் நிலையத்தின் அதே எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடும் முன் தேதியைச் சரிபார்க்க வேண்டும். மழை நாள் காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை, முடியும் நாளின் தேதியிலேயே பதிவாகும். நவம்பர் 20 பகலில் ராமேஸ்வரத்தை மூழ்கடித்த மழையைப் பட்டியலில் 20-ஆம் தேதிக்கு நேரே தேடினால் கிடைக்காது. 21-க்கு நேரே இருக்கும்.